யார் அந்த நடேசன்?

களக்காட்டிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் தியாகராயநகரைப் பார்க்காமல் ஊர் திரும்புவது அபூர்வம். கல்யாணச் சேலை எடுக்க வேண்டுமே! கடை கடையாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தவர்கள், வெங்கடநாராயணா ரோட்டில் ஒரு பூங்காவைப் பார்த்திருப்பார்கள். "நடேசன் பார்க்" என்று பெயர்.

யார் அந்த நடேசன்?

அவர் ஒரு டாக்டர். முழுப்பெயர் சி. நடேச முதலியார். 1875-ல் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்து வந்தார்.

அந்தக் காலத்தில் வெளியூர்ப் பையன் சென்னையில் படிப்பது லேசான காரியம் அல்ல. களக்காட்டிலே ஒரு தகப்பனார் வயலை அடமானம் வைத்து மகனை ரயில் ஏற்றி விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. சோறு? படுக்க இடம்? பிராமணர் அல்லாத மாணவர்களைப் பல விடுதிகளில் சேர்ப்பதில்லை. சாப்பாட்டுக் கடையிலும் சாதி பார்த்தார்கள். கையில் காசு இருந்தும் பையன் திண்டாட வேண்டியதுதான். வயல் போனதுதான் மிச்சம்!

டாக்டர் இதைப் பார்த்தார். 1916-ல் திருவல்லிக்கேணியிலேயே அந்த மாணவர்களுக்காக ஒரு விடுதி திறந்தார். "திராவிடர் இல்லம்" என்று அதற்குப் பெயர். அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆனாரே, அவர்தான்!

அதே 1916-ல் இன்னொரு காரியமும் நடந்தது. பிட்டி தியாகராய செட்டியாரும் டாக்டர் டி.எம். நாயரும் சென்னை நகரசபையில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்ததில் நடேசனுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப் பிறந்ததுதான் நீதிக்கட்சி.

வேடிக்கையைப் பாருங்கள். 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துப் புது நகர் கட்டினார்கள். அந்த நகருக்குத் தியாகராயர் பெயர். அதற்குள்ளேயே ஒரு ரோட்டுக்கு நாயர் பெயர். சமாதானம் செய்து வைத்தவருக்கு ஒரு பூங்கா!

பக்கத்திலுள்ள பனகல் பார்க்கை எல்லோருக்கும் தெரியும். பனகல் ராஜா முதன் மந்திரியாக இருந்தவர். நடேசன் சட்டசபைக்குப் போனார், மந்திரி ஆகவில்லை. 1937-ல் காலமானார். அவர் பெயரைச் சொல்வோர் குறைந்து போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ!

பனகல் பார்க்கிலிருந்து நடந்தே போய்விடலாம். அடுத்த தடவை சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே சற்று உட்காருங்கள். கூட வந்த பையன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யார் இவர்?" என்று கேட்பான்.