ஹோம்வொர்க் சண்டை இல்லாத ராத்திரி

இன்னிக்கு டாபிக் ஹோம்வொர்க். எனக்குக் குழந்தை இல்லையேன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஊர்ல இருக்கற அக்கா பையனுக்கு வீடியோ கால்ல கணக்கு சொல்லித் தர்ற மாமாக்கள் நம்மள்ல நிறைய பேர்.

முதல்ல, எவ்வளவு ஹோம்வொர்க் நியாயம்? 2018 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருபாகரன், சிபிஎஸ்இ பள்ளிகள்ல 1, 2-ம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாதுன்னு உத்தரவு போட்டார். 2020-ல வந்த மத்திய அரசோட பள்ளிப் பை கொள்கையும் அதையேதான் சொல்லுது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். 6 முதல் 8 வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரம். உங்க வீட்ல இதைத் தாண்டுதுன்னா, பேச வேண்டியது ஸ்கூல்கிட்ட, குழந்தைகிட்ட இல்ல.

அடுத்தது நம்ம பயம். 2015-ல சியான் பெய்லாக் இருந்த ஒரு ஆய்வுக் குழு, அமெரிக்காவுல 1, 2-ம் வகுப்புக் குழந்தைகளைப் பார்த்தாங்க. கணக்குன்னாலே பதறுற பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்குக்கு உதவின வீடுகள்ல, குழந்தைங்க அந்த வருஷம் கணக்கைக் கம்மியாதான் கத்துக்கிட்டாங்க. பயமும் கூடுச்சு. அதே பயம் இருந்தும் அதிகம் தலையிடாத வீடுகள்ல அப்படி ஆகல.

சரி, எப்படித்தான் உதவுறது? ஒரு உதாரணம். 52-லேர்ந்து 17-ஐக் கழிக்கச் சொன்னா பையன் 45-னு எழுதியிருக்கான். இது கவனக்குறைவு இல்ல. 2-லேர்ந்து 7 போகாதுன்னு, திருப்பி 7-லேர்ந்து 2-ஐக் கழிச்சிருக்கான். கோடு பாஷையில சொன்னா, லாஜிக்லயே பக். நாம அழிச்சுட்டு 35-னு சொன்னா விடை மாறும், பக் அப்படியே இருக்கும். அதுக்குப் பதிலா, "45-ஓட 17-ஐக் கூட்டிப் பாருடா, 52 வருதா?"ன்னு கேளுங்க. 62 வரும். அவனே நின்னு யோசிப்பான். பென்சில் அவன் கையிலயே இருக்கட்டும்.

நேரம்? குறிஞ்சிப்பாடி, நெய்வேலி பக்கம் என்எல்சி ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்கும். அப்பா செகண்ட் ஷிஃப்ட்னா ராத்திரி அம்மா மட்டும்தான், அதுவும் அடுப்புப் பக்கம். அதனால கடிகாரத்தை நம்பாம, "விளையாடிட்டு வந்து டிபன் சாப்பிட்டதும்"னு ஒரு வேலையோட சேர்த்து வைங்க. ஷிஃப்ட் மாறினாலும் அது மாறாது. பாட்டி பக்கத்துல உட்கார்ந்து, "எனக்குச் சொல்லிக் குடு கண்ணு"ன்னு கேட்டாலே போதும். பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியணும்னு இல்ல. சொல்லிக் காட்டும்போது எங்க சிக்குதுன்னு பிள்ளைக்கே தெரிஞ்சிடும்.

கடைசியா, இருபது நிமிஷம் முயற்சி பண்ணியும் வரலைன்னா நிறுத்திடுங்க. நோட்டுல "இதுக்கு மேல புரியல"ன்னு எழுதி அனுப்புங்க. அம்மா போட்டுக் கொடுத்த கணக்கைப் பார்த்தா, புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சு டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க. காலியா விட்ட இடம்தான் அவங்களுக்குத் தகவல்.

இதை உங்க அக்காவுக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்க, ஆனா எட்டு மணிக்கு வேணாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.