ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் முன் பைலைச் சோதியுங்கள்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கக் காரணம் கேட்டால், "பெண் பிஎச்.டி. செய்கிறாள், கட்டுரை டைப் செய்ய வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். விஞ்ஞானி அல்ல. ஆனாலும் ஆய்வு மாணவர்களான உறவினர்களும் நண்பர்களும், இதழுக்கு அனுப்ப வேண்டிய கடைசி பைலை என்னிடம் கொண்டு வருவார்கள். ஆராய்ச்சியில் நான் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் பைலில் இருக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ளுங்கள். உங்கள் மானிட்டரில் தெரியும் பக்கம் அப்படியே அச்சாவதில்லை. இதழ் அலுவலகத்தில் உங்கள் பைலில் இருந்து எழுத்தையும் படத்தையும் தனித்தனியே எடுத்து, அவர்கள் சாப்ட்வேரில் புதிதாகப் பக்கம் அமைக்கிறார்கள். எனவே அழகான பார்டர், வண்ணத் தலைப்பு, இரண்டு காலம் அமைப்பு எல்லாம் வீண் வேலை. பைலுக்குள் உண்மையில் என்ன பதிவாகி இருக்கிறது என்பதுதான் முக்கியம். சில சமயம் அது கண்ணுக்குத் தெரிவதில் இருந்து மாறுபட்டிருக்கும். எங்கெல்லாம் மாறும் என்று பார்ப்போம்.

மைக்ரோ மில்லியாக மாறும் விபத்து

பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும். உள்ளே பதிவாகி இருப்பது ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே.

விண்டோஸில் உள்ள சிம்பல் எழுத்துருவும் இதே ரகம். அதைத் தேர்ந்தெடுத்து எம் என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால், மியூ என்ற கிரேக்க எழுத்து தெரியும். மைக்ரோகிராமைக் குறிப்பது இந்த மியூதான். பைல் வேறு கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே முழுக் கட்டுரைக்கும் ஒரே எழுத்துரு கொடுக்கப்பட்டால், மியூ மீண்டும் எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். அளவு ஆயிரம் மடங்கு கூடிவிட்டது! மருந்து அளவு பற்றிய கட்டுரையில் இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு எளிய சோதனை உண்டு. கட்டுரை முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்திடவும். எழுத்துரு அலங்காரம் எல்லாம் உதிர்ந்து, உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் நிற்கும். மியூ இருந்த இடத்தில் எம் அல்லது வெற்றுக் கட்டம் தெரிந்தால், வேர்ட் பைலில் அந்த இடத்தை அழித்துவிட்டு, ஆல்ட் கீயை அழுத்தியபடி நம்பர் பேடில் 0181 என அடிக்கவும். இது உண்மையான மைக்ரோ குறி. எழுத்துரு மாறினாலும் எம் ஆகாது.

நோட்பேடில் இன்னொன்றையும் கவனியுங்கள். 10இன் மேல் சிறியதாக அடித்த 6, கீழே இறங்கி 106 ஆகியிருக்கும். வேர்ட் பைலில் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் பல இதழ்களின் இணையதளத்தில் கட்டுரைச் சுருக்கத்தைத் தனிக் கட்டத்தில் பேஸ்ட் செய்யச் சொல்வார்கள். அங்கே பத்து லட்சம் நூற்றாறு ஆகிவிடலாம். அந்தக் கட்டத்தில் பேஸ்ட் செய்தபின் ஒவ்வொரு எண்ணையும் படித்துப் பாருங்கள்.

எக்ஸெல் செய்யும் உதவி

நாம் கேட்காமலே உதவி செய்வது எக்ஸெல் தொகுப்பின் பழக்கம். செப்ட் 2 என்று ஒரு மரபணு இருந்தது. அதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரு செல்லில் அடித்தால், எக்ஸெல் அதைச் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். மார்ச் 1 என்ற மரபணுவுக்கும் இதே கதி. ஆயிரக்கணக்கான வரிசைகள் உள்ள டேபிளில் யார் கண்ணில் படும்?

2016ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். மரபணுப் பட்டியலை எக்ஸெல் பைலாக இணைத்திருந்த கட்டுரைகளில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. எல்லாம் பெரிய இதழ்களில், நிபுணர்கள் சரிபார்த்த பின் வெளியானவை. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இறங்கி வந்து, இப்படிச் சிக்கும் பெயர்களை மாற்றியது. 2020ல் அதை அறிவித்தார்கள். செப்ட் 2 இன்று செப்டின் 2. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2023ல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை எக்ஸெல்லில் கொடுத்தது.

உங்களுடையது மரபணு ஆய்வாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் 007 என்ற மாதிரி எண் 7 ஆகும். 3-4 என்ற குறியீடு தேதியாகும். எனவே டேட்டாவை அடிக்கும் முன்பே அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்று அமைத்திடவும். அடித்த பிறகு அமைத்தால் தேதியானது பழைய பெயராகத் திரும்பாது.

படங்கள்

அச்சுக்குப் போகும் புகைப்படத்திற்குப் பெரும்பாலான இதழ்கள் கேட்பது அங்குலத்திற்கு 300 புள்ளிகள். ஒரு காலம் அகலம் சுமார் 8.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், படம் 1,000 பிக்ஸல் அகலமாவது இருக்க வேண்டும். பக்கம் முழுக்க வரும் படத்திற்கு 2,000. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் சென்றால் பிக்ஸல் அளவு தெரியும்.

சின்னப் படத்தை ஒரு புரோகிராமில் திறந்து 72ஐ 300 என்று மாற்றினால் போதாதா? போதாது. இல்லாத புள்ளிகளை புரோகிராம் ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான். ஆய்வுக் கருவி கொடுத்த அசல் படத்தைத் தேடி எடுப்பதே வழி. மேலும் வேர்ட் தொகுப்பு, சேவ் செய்கையில் படத்தைத் தானாகவே சுருக்கிவிடலாம். அதனால்தான் இதழ்கள் படங்களைத் தனி பைலாகக் கேட்கின்றன. புகைப்படம் என்றால் டிஃப் வகையிலும், வரைபடம் என்றால் பிடிஎஃப் அல்லது இபிஎஸ் வகையிலும் கொடுப்பது நல்லது.

படத்தை "அழகாக்கும்" ஆசையையும் அடக்க வேண்டும். ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி என்ற இதழ், 2002 முதல் ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களைத் திருத்தல் உண்டா என்று சோதிக்கத் தொடங்கியது. இன்று பல இதழ்கள் அப்படிச் செய்கின்றன. படம் முழுவதற்கும் ஒரே அளவில் வெளிச்சத்தைக் கூட்டலாம். ஓர் இடத்தை மட்டும் துடைப்பதும் ஒரு கோட்டை மட்டும் அழுத்தமாக்குவதும் கூடாது. அது நேர்மைக் குறைவாகவே கருதப்படும்.

மறைந்திருக்கும் குறிப்புகள்

டிராக் சேஞ்சஸ் வசதியில், நீங்களும் வழிகாட்டிப் பேராசிரியரும் செய்த திருத்தங்கள் எல்லாம் பைலில் தங்கியிருக்கும். திரையில் மறைத்து வைத்தால் அழிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. "இந்த முடிவு எனக்குச் சந்தேகம்" என்று நீங்கள் எழுதிய கமெண்ட்டும் இதழுக்குப் போய்ச் சேரும். ரிவியூ டேப்பில் எல்லாத் திருத்தங்களையும் அக்செப்ட் செய்து, கமெண்ட்களை டெலிட் செய்திடவும். பின்னர் பைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாகுமெண்ட் எனச் சென்றால், மிச்சம் இருப்பதை வேர்ட் காட்டிக் கொடுக்கும். திருத்தம் தெரியும் பிரதி ஒன்றும் வேண்டும் என்று சில இதழ்கள் கேட்கும். எனவே இந்த வேலையை ஒரு காப்பியில் செய்யுங்கள்.

கடைசியாக

எல்லாம் முடிந்ததும், பைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து படியுங்கள். பிரவுசிங் சென்டரோ நண்பர் வீடோ எதுவானாலும் சரி. படிக்கும்போது வாக்கியங்களை விட்டுவிட்டு எண், அலகு, குறி, பெயர் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். ஏற்றுக்கொண்ட பின், பக்கம் அமைத்த புரூப் பிடிஎஃப் வரும்போதும் இதையே செய்யுங்கள். அதைத் திருப்பி அனுப்பப் பெரும்பாலும் சில நாள் அவகாசமே இருக்கும். வெளியான பின் ஒரு எம் தவறு என்றால், அதற்குத் தனியாகத் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டும். கட்டுரையை ஏற்கெனவே படித்துவிட்டவர் அந்த அறிவிப்பையும் தேடிப் படிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்று வருட உழைப்புக்கு ஒரு மாலை நேரச் சோதனை அதிகமா என்ன? கட்டுரை கையில் இருந்தால், நோட்பேடை இப்போதே திறந்து பாருங்கள்.