பல்கலைக்கழக வாசலில் நிற்கும் பிள்ளை

ஓட்டிசமுள்ள மாணவர்களை உயர்கல்விக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் தெருவிலுள்ள ஒரு தாய் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகன் முற்றத்து மாமரத்தடியில் நின்று கொண்டான். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பையன் மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி. பல்கலைக்கழகம் கிடைப்பது உறுதி என்று ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். இனிப்போடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தாயின் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

"மௌலவி, பிள்ள பாஸாகிட்டான், அல்ஹம்துலில்லாஹ். எனக்கு இனித்தான் பயம் தொடங்கியிருக்கு. கொமட்டுக்குள்ள வச்சி வளர்த்த பிள்ள. விடுதியில ஒரு நாள் தாங்குவானா?" என்று கண்கலங்கினார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தப் பையனுக்கு ஓட்டிசம் இருக்கிறது. அதை நான் அறிந்து கொண்டது பிந்தித்தான். ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வயதில் அவன் என்னிடம் குர்ஆன் மத்ரஸாவில் ஓதினான். ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்புவிப்பான். ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டான். "உஸ்தாதைப் பார்த்துப் பேசத் தெரியாதா?" என்று ஒருநாள் அவனை நீண்ட நேரம் நிற்க வைத்தேன். மரியாதையில்லாத பிள்ளை என்று நினைத்தேன். பாங்கு ஒலிபெருக்கியில் கேட்டதும் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். அதைப் பார்த்து, "இவனில் ஏதோ பட்டிருக்கு" என்று ஊரில் சிலர் குசுகுசுத்தார்கள். தண்ணீர் ஓதிக் கொடுக்கும்படி என்னிடமே கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒலிபெருக்கியின் சத்தம், நமக்குக் காதருகில் சீனவெடி வெடிப்பதைப் போல இருந்திருக்கிறது. பாங்கை அவன் வெறுக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் மெதுவாகச் சொன்னால் அழகாகத் திருப்பிச் சொல்வான்.

இது என்ன?

ஓட்டிசம் நோயுமல்ல, ஜின்னின் சேட்டையுமல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளை அவதானித்து இதைப் பற்றி எழுதினார். அடுத்த வருடமே வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் என்பவரும் எழுதினார். இத்தகையவர்களுக்குப் பிறருடைய முகக்குறிப்பும் மறைபொருளான பேச்சும் எளிதில் விளங்குவதில்லை. பழகிய ஒழுங்கு மாறினால் தவித்துப் போவார்கள். சத்தம், வெளிச்சம், வாசனை, துணியின் உரசல் ஆகியவை சிலரை அளவுக்கு மீறி வருத்தும். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் பேராசிரியராகவும் ஆவார்கள். எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களல்லர்.

"தாய் பாசம் காட்டாததால் வந்தது" என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள். அது பொய்யென்று நிரூபணமாகிவிட்டது. "தடுப்பூசியால் வந்தது" என்று 1998இல் ஒரு வைத்தியர் எழுதிய கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் வாபஸ் பெற்றது. ஆகவே சகோதரிகளே, உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். மாமிமார் ஏற்றினாலும் ஏற வேண்டாம். இலங்கை வைத்தியர்கள் இரண்டு வயதை அண்டிய பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஏறத்தாழ 93 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் காட்டியது. அப்படியானால் நமது ஒவ்வொரு பாடசாலையிலும் இத்தகைய பிள்ளைகள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள்.

பாஸான பிறகு ஏன் பயம்?

பாடசாலையில் மணியடித்தால் பாடம், மணியடித்தால் இடைவேளை. பதின்மூன்று வருடங்கள் அதே வாசல், அதே முகங்கள். உம்மா சோறு கட்டிக் கொடுப்பார், உடுப்பு மடித்து வைப்பார். இந்தத் தாங்குகோல்களெல்லாம் பல்கலைக்கழகத்தில் ஒரே நாளில் போய்விடுகின்றன. காலையில் ஒரு கட்டடம், பகலில் இன்னொரு கட்டடம். விரிவுரை திடீரென்று ரத்தாகும். ஒப்படைக்கு மூன்று கிழமை தவணை இருக்கும், ஆனால் தினமும் நினைவூட்ட யாரும் இல்லை. விடுதி அறையில் நால்வர், நள்ளிரவு வரை சத்தம். பாடத்தில் கெட்டிக்காரனான பிள்ளை, பாடம் விளங்காமல் படிப்பை விடுவதில்லை. உடுப்புத் துவைக்கத் தெரியாமலும், சாப்பாட்டு வரிசையில் நிற்க முடியாமலும், யாரிடம் உதவி கேட்பதென்று தெரியாமலும் விட்டுவிட்டு வருகிறான்.

பகிடிவதை இன்னொன்று. கேலியையும் உண்மையையும் பிரித்தறியாத பிள்ளை, சொன்னதையெல்லாம் அப்படியே செய்வான். மறுத்தால் திமிர் என்பார்கள். பகிடிவதை இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. இதைப் பிள்ளையும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள மார்ஷல் பல்கலைக்கழகம் 2002இலேயே ஓட்டிசமுள்ள மாணவர்களுக்கென்று ஓர் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. பாடசாலைப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் சில வாரங்கள் அங்கேயே தங்கி, ஒரு பாடம் கற்று, விடுதி வாழ்க்கையையும் பழகிக்கொள்ள வழி செய்தது. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகம் மூன்று நாள் கோடைப் பாடசாலை ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. பிள்ளைகள் பல்கலைக்கழக விடுதியில் தங்குவார்கள். மாதிரி விரிவுரை கேட்பார்கள். ஏற்கனவே அங்கே படிக்கும் ஓட்டிசமுள்ள மாணவர்களோடு பேசுவார்கள். கலந்துகொண்ட பிள்ளைகளின் பயம் குறைந்ததாக அவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இந்தத் திட்டங்களில் பெரிய மந்திரம் எதுவுமில்லை. பின்னால் வரப்போவதை முன்கூட்டியே சிறிய அளவில் பழக்குவதுதான் அவற்றின் சாரம். நோன்பை ஏழெட்டு வயதிலேயே அரை நாள், முக்கால் நாள் என்று பிள்ளைகளுக்குப் பழக்குகிறோமே, அதே முறைதான்.

1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண் மூன்றரை வயது வரை பேசவில்லை. நிலையம் ஒன்றில் சேர்த்துவிடும்படி ஆலோசனை சொன்னார்கள். தாய் கேட்கவில்லை. அந்தப் பெண் 1989இல் கலாநிதிப் பட்டம் பெற்று, விலங்கியல் விஞ்ஞானப் பேராசிரியரானார். மாடுகள் பயமின்றி நடந்து செல்லும் பாதைகளை வடிவமைத்து உலகப் புகழ் பெற்றார். எல்லாப் பிள்ளையும் அப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் கதவை மூடியிருந்தால் அவரும் வந்திருக்க மாட்டார்.

நமக்கும் ஒரு "கோடை" இருக்கிறது

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையே நம் நாட்டில் பல மாதங்கள், சிலவேளை ஒரு வருடத்துக்கும் மேல் கிடைக்கிறது. அதைத்தான் நாம் கோடைப் பாடசாலையாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாயும் தகப்பனும், பையனின் ராத்தாவும், நானும் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டோம். பயன்படுமென்று அதை எழுதுகிறேன்.

முதலில் வீடு. எலார்ம் வைத்துத் தானே எழும்புதல், உடுப்புத் துவைத்தல், சோறு ஆக்குதல், முட்டை பொரித்தல், தலைவலிக்கு என்ன மாத்திரை எவ்வளவு என்று அறிதல். உம்மா பக்கத்தில் நிற்கலாம், கை போடக் கூடாது. ஒவ்வொரு வேலையையும் படிப்படியாகத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வாயால் பத்துமுறை சொல்வதைவிட எழுதியது இவர்களுக்கு நன்றாகப் பதியும்.

இரண்டாவது வெளி. அவனுக்குக் கிடைக்கவிருந்தது தொலைவிலுள்ள பல்கலைக்கழகம். ஆனாலும் பழகுவதற்கு நமக்குப் பக்கத்திலேயே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறதே! காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பு நகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏறாவூர், செங்கலடி தாண்டி இன்னொரு பஸ். முதல் தடவை வாப்பா பக்கத்தில் இருந்தார். இரண்டாம் தடவை நாலு ஆசனம் பின்னால் இருந்தார். ஐந்தாம் தடவை வீட்டில் இருந்தார், தொலைபேசியைக் கையில் பிடித்தபடி! இதேபோல வங்கி, பாமஸி, தபாற்கந்தோர் எல்லாம் பழக்கினோம்.

மூன்றாவது இடம். அனுமதி கிடைத்த பல்கலைக்கழகத்துக்கு வகுப்புத் தொடங்கு முன்பே ஒரு தடவை கூட்டிப் போனார்கள். பீடம், நூலகம், சாப்பாட்டுச்சாலை, தொழுகை அறை, அமைதியாக உட்காரக்கூடிய ஒரு மூலை எல்லாவற்றையும் காட்டினார்கள். அவன் தானாகவே ஒரு வரைபடம் கீறிக்கொண்டான்.

நான்காவது வார்த்தை. "எனக்குச் சத்தம் கஷ்டம். நான் கொஞ்சம் வெளியே போய் வருகிறேன்." "தயவுசெய்து அதை எழுதித் தாருங்கள்." "எனக்கு விருப்பமில்லை." இந்த மூன்று வசனங்களையும் ராத்தா தினமும் ஒத்திகை பார்த்தார். தன்னைப் பற்றி அவனே ஒரு பக்கத்தில் எழுதினான்: எனக்கு என்ன கஷ்டம், எது உதவும், யாருக்கு அழைக்க வேண்டும். அது பீடாதிபதிக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் கொடுக்கப்பட்டது.

ஐந்தாவது உரிமை. விசேட தேவையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் 2016இல் இலங்கை உறுதிப்படுத்தியது. பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு வைத்தியச் சான்றுடன் அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் விசேட தேவையுடையோருக்கான ஏற்பாடுகளையும் தேடி வாசியுங்கள். கேட்காத உரிமை யாருடைய வீட்டுக்கும் நடந்து வராது.

எல்லோரும் பல்கலைக்கழகம் போக வேண்டுமென்பதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் என்.வி.கியூ. சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. வீட்டிலிருந்தே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலும் உண்டு. பிள்ளையின் அளவுக்குச் சட்டை தைப்பதே அறிவு.

நம் பெண் பிள்ளைகள்

ஓட்டிசம் கண்டறியப்படுவோரில் ஆண்களே அதிகம். பெண் பிள்ளைகள் பலர் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள் என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். நம் வீடுகளில் இது இன்னும் எளிதாக மறைந்துவிடும். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடும் மகளை, "வெட்கக்காரி, அடக்கமான பிள்ளை" என்று புகழ்கிறோம். அவள் தோழிகளைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் போல நடித்து, வீட்டுக்கு வந்ததும் களைத்து அழுவதை யாரும் காண்பதில்லை. அவளுக்குப் படிப்பு வந்தால், "எதற்கு வெளியே அனுப்பி வம்பு" என்று நிறுத்திவிடுகிறோம். அவளுக்கும் அதே திட்டம் வேண்டும். கூடுதலாக ஒன்று: தன் உடலைப் பிறர் தொட அனுமதியில்லை என்பதை வெட்கப்படாமல், தெளிவான சொற்களில் தாய் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜாடையாகச் சொன்னால் அவளுக்கு விளங்காது.

மூடி வைப்பதால் என்ன கிடைக்கும்?

"வெளியே தெரிந்தால் மற்றப் பிள்ளைகளின் கலியாணம் தடைப்படும்" என்ற பேச்சு நம் ஊர்களில் இருக்கிறது. இந்தப் பயத்தால் எத்தனையோ வீடுகளில் வைத்தியரிடம் போவதே பிந்துகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, விரலால் காட்டிக் கேட்காத குழந்தையை இரண்டு வயதிலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். போதனா வைத்தியசாலையில் குழந்தை நல வைத்தியரைக் காணுங்கள். தாவீசு கட்டிக் காத்திருந்த வருடங்கள் திரும்பி வரமாட்டா. துஆ கேளுங்கள், மருத்துவமும் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்ட பாடம்தானே!

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அறிவைத் தேடி வந்தபோது, அவரை முற்படுத்த வேண்டுமென்ற படிப்பினையை 'அபஸ' அத்தியாயம் உலகுக்குத் தந்தது. அவர் பின்னர் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். இதை வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். என் வகுப்பில் நின்று கொண்டிருந்த பிள்ளையை மட்டும் நான் காணவில்லை.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் வருடம். முதல் மாதத்தில் இரண்டு தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. ஆனாலும் திரும்பிப் போனான். ஒவ்வொரு நாளும் மக்ரிபுக்குப் பின் உம்மாவுக்கு அழைத்து, சாப்பிட்டதை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவானாம். "அது போதும் மௌலவி" என்கிறார் அந்தத் தாய்.

சென்ற பெருநாளுக்கு வந்தபோது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி, "அன்றைக்கு நாற்பது நிமிஷம் நிண்டேன் உஸ்தாத்" என்றான். கோபமில்லை, கணக்குச் சொன்னான். அந்த நாற்பது நிமிஷத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இப்படியொரு பிள்ளை இருந்தால், நிற்க வைக்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தருவானாக! ஆமீன்.