மாமியாரும் மருமகளும் மன்னிப்புக் கேட்கும் நாள்!

ரஷ்யாவில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை "மன்னிப்பு ஞாயிறு" வருகிறது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு மறுநாளே ஆரம்பம். 40 நாள், அதன் பிறகு பாடுகளின் வாரம். இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது.

இறைச்சியை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வீடு "பிளினி" மணக்கும். நம் தோசை போன்றதுதான். மேலே வெண்ணெய் வழியும்!

ஞாயிறு காலை கோவிலில் ஏசுவின் போதனை வாசிக்கப்படும். பிறரை மன்னிக்காதவனைக் கடவுளும் மன்னிக்கமாட்டார். நோன்பு இருப்பவன் முகத்தை வாட்டமாக வைத்து ஊருக்குக் காட்டக்கூடாது என்பது அதன் சாரம்.

மாலை ஜெபம் முடிந்ததும் பாதிரியார் மக்கள் முன் பணிந்து மன்னிப்புக் கேட்பார். பெரியவரே முதலில் கேட்டுவிட்டால் மற்றவர்கள் எப்படித் தப்ப முடியும்? கணவன் மனைவியிடம் கேட்பான். மாமியார் மருமகளிடம் கேட்பாள். தாத்தா பேரனிடம் கேட்பார்.

பல கோவில்களில் வரிசையாக நின்று, ஒருவர் விடாமல் எல்லோரிடமும் கேட்கவேண்டும். ஆளைப் பார்த்து ஒதுங்க முடியாது! பேச்சு வார்த்தை அற்றுப்போன பங்காளியும் எதிரே வந்து தலை குனிவான்.

"என்னை மன்னித்துவிடு" என்பான்.

"கடவுள் மன்னிப்பார். நானும் மன்னித்தேன்" என்று பதில் சொல்லவேண்டும். பிறகு இருவரும் தழுவிக்கொள்வார்கள்.