பெட்டிக்குள் கணக்கு – 9: ஒரே சில்லு, இரண்டு பிழைப்பு

கீழவைப்பார்க் கரையில் நின்று வல்லம் உசத்தியா, விசைப்படகு உசத்தியா என்று கேட்டுப் பாருங்கள். எந்த வலைக்கு, எத்தனை பாகம் ஆழத்துக்கு என்று திருப்பிக் கேட்பார்கள். கணினி விலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தக் கேள்வி நமக்கு மறந்துவிடுகிறது.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் ஆரம்ப விலை 1,565 டாலர். வட்டு இயக்கியும் திரையும் அதில் சேர்த்தி இல்லை! மறு ஆண்டு வந்த சன்-1 ஒர்க்ஸ்டேஷன் 9,000 டாலரை ஒட்டி விற்றது. வரைபடம் போடும் பொறியாளருக்குப் பெரிய திரை, யூனிக்ஸ், வலைப்பின்னல் இணைப்பு, உள்ளே மோட்டோரோலா 68000 சில்லு. ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி என்பதுதான் அதன் கொள்கை. அந்த விலைக்கு அமெரிக்காவில் ஆள் இருந்தது.

நம்மூர்ச் சந்தை வேறு. அந்நிய நிறுவனங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு உடன்படாமல் ஐபிஎம் 1978-லேயே மூட்டை கட்டிவிட்டது. அந்த இடைவெளியில் வளர்ந்தவற்றில் ஒன்று எச்சிஎல். 1976-ல் அதை நண்பர்களோடு தொடங்கிய ஷிவ் நாடார் இதே கடற்கரைக்காரர். திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில் பிறந்தவர். இன்னொரு பக்கம் சமையல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்த விப்ரோவும் களத்தில் இறங்கியிருந்தது.

1984-ல் ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு வங்கிகளுக்குள் கணினி நுழைய வழி சொன்னது. லெட்ஜர் பதியும் கிளைக்குப் படம் எதற்கு? எழுத்தும் எண்ணும் போதும். ஆனால் ஒரே கணக்கைப் பலர் ஒரே நேரத்தில் தொட வேண்டும். டாஸில் ஓடிய பிசி ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் காது கொடுக்கும். ஆளுக்கொரு பிசி வாங்கினாலோ வட்டு, பிரின்டர் என்று ஒவ்வொன்றுக்கும் இறக்குமதி வரி. ஒரே நேரத்தில் பலருக்கும் காது கொடுக்கும் யூனிக்ஸ் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, வெறும் திரையும் விசைப்பலகையுமான டெர்மினல்களைக் கம்பியில் இழுத்துவிட்டால் வட்டு ஒன்று, பிரின்டர் ஒன்று. அங்கே ஒரே பொறியாளர் தனக்கென வைத்துக்கொண்ட மோட்டோரோலா சில்லுக் குடும்பத்தை இங்கே பல குமாஸ்தாக்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இதைப் பின்தங்கிய தொழில்நுட்பம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கென்னவோ, அந்தக் காலத்தின் மிகச் சிக்கனமான வடிவமைப்பு அதுதான் என்று தோன்றுகிறது.

எச்சிஎல் அதோடு நிற்கவில்லை. பல மோட்டோரோலா சில்லுகளைச் சேர்த்து ஓடும் மேக்னம் வரிசையைச் செய்து, அமெரிக்காவிலேயே விற்க 1989-ல் போனது. வன்பொருள் அங்கே எடுபடவில்லை. போன இடத்தில் மென்பொருள் ஆட்களுக்குத்தான் கிராக்கி. நிறுவனத்தின் பாதையே அந்தப் பக்கம் திரும்பியது.

பிறகு இன்டெல் 386. அந்தச் சில்லு கொண்ட சாதாரண பிசியிலேயே எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடியதும் தனி யூனிக்ஸ் பெட்டிக்குக் கூடுதல் விலை கேட்க வழியில்லாமல் போயிற்று. அதே டெர்மினல்கள், அதே கம்பிகள், நடுவில் மட்டும் மலிவான பெட்டி.

இன்றும் ஒர்க்ஸ்டேஷன் என்ற பெயரில் விற்கிறார்கள். பிழை திருத்தும் நினைவகமும் பொறியியல் மென்பொருளுக்குச் சான்று பெற்ற கிராபிக்ஸ் அட்டையும் அதற்குள் இருக்கும். பாலமோ கப்பல் தளமோ வடிவமைப்பவர் வாங்கட்டும். டேலியில் உப்பளக் கணக்கு எழுதுகிறவருக்கு அதைத் தலையில் கட்டும் கடைக்காரரிடம், அந்த அட்டை என்ன வேலை செய்யும் என்று ஒரு தடவை கேளுங்கள்.