ஆன்டிவைரஸ் வாங்குமுன் பார்க்க வேண்டியவை



நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்று என்னவெல்லாம் இருக்கின்றன? ஆதார், பான் நகல்கள், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், உதவித்தொகை விண்ணப்பம், உம்ராவுக்காக ஸ்கேன் செய்த பாஸ்போர்ட், பேங்க் விவரம், நிக்காஹ் புகைப்படங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இப்படிப்பட்ட கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. ஆகவே பாதுகாப்பு சாஃப்ட்வேர் அவசியம்தான். ஆனால் கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே வாங்கி வருவதும், 'இலவசம்' என்றதும் இறக்கிக்கொள்வதும் சரியான தேர்வு ஆகாது. எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை இங்கே விளக்குகிறோம்.

முதலில், ஏற்கெனவே இருப்பது என்ன?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு காலத்தில் சோதனைகளில் பின்தங்கியிருந்த இது, அண்மை ஆண்டுகளில் பலமுறை முழு மதிப்பெண் பெற்றிருக்கிறது. ஆகவே 'காசு கொடுத்து வாங்காவிட்டால் பாதுகாப்பே இல்லை' என்பது சரியல்ல. டிஃபெண்டரை விடக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அவை தொடர்கின்றன. கதவே பழுதாக இருக்கும்போது பூட்டை மாற்றிப் பயனில்லை. முதலில் விண்டோஸைச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஆன்டிவைரஸைப் பற்றி யோசியுங்கள்.

சோதனை முடிவுகளை எப்படிப் படிப்பது?

இதற்கென்றே வெளிநாட்டில் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மக்டபுர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலுள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகிய இரண்டும் முக்கியமானவை. இவற்றின் முடிவுகளை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம் சென்னையில் 1991-ல் தொடங்கப்பட்ட கே7 நிறுவனத்தின் சாஃப்ட்வேரும் இந்தச் சோதனைகளில் பங்கேற்று வருகிறது. உள்ளூர் நிறுவனம் என்பதற்காக வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்களை அளக்கும் அதே அளவுகோலால் அளந்து பாருங்கள்.

ஏவி-டெஸ்ட் மூன்று விஷயங்களுக்குத் தலா 6 புள்ளி வீதம் மொத்தம் 18 புள்ளிகள் தருகிறது.

1. பாதுகாப்பு: புதிய, பழைய வைரஸ்களை எந்த அளவுக்குத் தடுக்கிறது?
2. வேகம்: கம்ப்யூட்டரை எந்த அளவுக்கு மெதுவாக்குகிறது? பழைய லேப்டாப் வைத்திருப்போர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.
3. பொய் எச்சரிக்கை: நல்ல கோப்பையும் நல்ல இணையதளத்தையும் தவறாக 'ஆபத்து' என்கிறதா? எதைக் கண்டாலும் தடுக்கும் சாஃப்ட்வேர் பாதுகாப்பில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்; ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் எந்த வேலையும் நடக்காது.

சதவீதத்தைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். 400 வைரஸ்களைக் கொண்டு சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். 99.75 சதவீதம் என்றால் ஒன்று தப்பியது, 99.5 என்றால் இரண்டு. இந்த ஒரு வைரஸ் வித்தியாசத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. அதே சமயம் 95 சதவீதம் என்றால் இருபது தப்பியிருக்கிறது. அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஒரே ஒரு முடிவை வைத்தும் தீர்மானிக்க வேண்டாம். கட்டணம் செலுத்தித்தான் நிறுவனங்கள் சில சோதனைகளில் பங்கேற்கின்றன என்பதால், இரண்டு கூடங்களின் முடிவுகளையும், கடந்த ஓராண்டின் முடிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். தொடர்ந்து மேல்வரிசையில் இருப்பதே நம்பத் தகுந்தது. அலுவலகப் பதிப்பின் முடிவை வீட்டுப் பதிப்புக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இலவசத்தின் விலை

அவாஸ்ட் என்ற பிரபலமான நிறுவனம், தன் பயனாளர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைச் சேகரித்துத் தன் துணை நிறுவனம் மூலம் விற்றதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்துமாறு அறிவித்தது. அந்த விவரங்களிலிருந்து ஒருவரின் மத நம்பிக்கை, உடல்நலக் கவலை, பண நிலை ஆகியவற்றைக்கூட அறிய முடியும் என்றும் கமிஷன் கூறியது. காவலுக்கு வைத்தவரே வீட்டு ரகசியத்தை விற்பது போன்ற செயல் இது. ஆகவே எந்த சாஃப்ட்வேரை நிறுவினாலும், செட்டிங்ஸில் 'தகவல் பகிர்வு' பகுதியைத் திறந்து, தேவையில்லாத அனுமதிகளை நிறுத்திவிடுங்கள்.

கணக்குப் போட்டு வாங்குங்கள்

முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டாம் ஆண்டு என்ன விலை என்று கேளுங்கள். மொத்த விலையைக் கருவிகளின் எண்ணிக்கையாலும் ஆண்டுகளாலும் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, 3 கருவிகளுக்கு 3 ஆண்டுகளுக்கு ரூ.2,700 என்றால், ஒரு கருவிக்கு ஆண்டுக்கு ரூ.300. ஒரு கருவிக்கு ஓராண்டுக்கு ரூ.500 என்பது பார்வைக்குக் குறைவாகத் தெரிந்தாலும், உண்மையில் அதிகம். ஆன்லைனில் வாங்கினால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டீர்களா என்று பாருங்கள்.

ரிச்சி தெருவிலோ வேறு கடையிலோ வாங்கினால், சீல் பிரிக்காத பெட்டியும் பில்லும் கேட்டு வாங்குங்கள். 'கிராக்' செய்த சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். அது பிறர் உரிமையைப் பறிப்பது; அதோடு, வைரஸ் நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று. முடிந்தவரை 30 நாள் இலவசச் சோதனைப் பதிப்பை நம் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போட வேண்டாம். ஒன்றோடொன்று மோதி, கம்ப்யூட்டரே நின்றுவிடக்கூடும்.

ஏற்கெனவே வைரஸ் புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இணையதளத்தில் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன.

எந்த சாஃப்ட்வேராலும் முடியாதது

ஓடிபி எண்ணை நாமே சொல்லிவிட்டாலோ, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று போன் செய்பவருக்கு நாமே திரையைத் திறந்துவிட்டாலோ, எந்த ஆன்டிவைரஸும் காப்பாற்றாது. முக்கியமான கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்திருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.