ஹீரா டோம்: ஒரு கவிதையும் எழுதப்படாத ஒரு வாழ்க்கையும்



பழவேற்காட்டு ஏரிக்கரையில், இந்தக் கோட்டைக்குப்பத்தில், நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது வடக்கே வாழ்ந்த ஒரு கவிஞரைப் பற்றி. அவர் பெயர் ஹீரா டோம். எழுதிய மொழி போஜ்புரி. பீகாரின் மேற்கிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் மக்கள் வீட்டில் பேசும் மொழி அது. டோம் என்பது பிணம் எரிக்கவும் தெருக் கூட்டவும் மூங்கில் கூடை முடையவும் ஒதுக்கப்பட்ட சாதியின் பெயர். அந்தப் பெயரோடுதான் அவர் அச்சில் வந்தார்.

1914 செப்டம்பரில், அலகாபாத்திலிருந்து வந்த 'சரஸ்வதி' என்ற ஹிந்தி மாத இதழில் அவருடைய கவிதை வெளியானது. தலைப்பு 'அச்சூத் கீ சிகாயத்'. தீண்டப்படாதவனின் முறையீடு என்று பொருள். இதழின் ஆசிரியர் மகாவீர் பிரசாத் துவிவேதி. ஹிந்தியைத் திருத்தமான எழுத்து மொழியாக்கப் பாடுபட்டவர். அவர் இதழில் சேரிக்காரர் ஒருவரின் பேச்சு மொழி அப்படியே இடம்பெற்றது சாதாரண விஷயமல்ல.

கவிதை கடவுளிடம் கேள்வி கேட்கிறது. பிரகலாதனுக்காகத் தூணைப் பிளந்து வந்தாய், முதலை பிடித்த யானையைக் காத்தாய், திரௌபதிக்குச் சேலை கொடுத்தாய். எங்கள் துயரம் மட்டும் ஏன் தெரியவில்லை? டோம் என்று தெரிந்து எங்களைத் தொடப் பயப்படுகிறாயா? இரவும் பகலும் உழைத்தால் மாதம் இரண்டு ரூபாய் என்று கூலிக் கணக்கும் சொல்கிறது. பார்ப்பனருக்கும் எங்களுக்கும் ஒரே எலும்பு, ஒரே சதை. கிணற்றை மட்டும் நாங்கள் நெருங்க முடியாது, சேற்றில் தண்ணீர் மொண்டு குடிக்கிறோம் என்கிறது. பிச்சை எடுக்க மாட்டோம், தராசில் ஏமாற்ற மாட்டோம், வேர்வை சிந்திச் சம்பாதித்துப் பகிர்ந்து உண்போம் என்றும் சொல்கிறது. முறையீடு என்று பெயர் இருந்தாலும் அதில் கெஞ்சல் இல்லை. ஹிந்தி தலித் இலக்கிய வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இந்தக் கவிதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எழுதியவரின் வாழ்க்கையோ இரண்டு வரிக்கு மேல் போகாது. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. கைக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரே கவிதைதான்.

அதே 1914இல், மே மாதம், நம் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் மறைந்தார். அவருடைய வாழ்க்கையும் சிந்தனையும் நமக்கு விரிவாகத் தெரியும். காரணம், 1907இல் அவரே 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை தொடங்கி, கடைசிவரை நடத்தினார். அதற்கும் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைக் கொண்டுவந்தார். பண்டிதரையும் பொது வரலாறு மறந்துதான் போனது. ஆனால் தாள்கள் இருந்தன. அவற்றைத் திரட்டி ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுதிகளாகப் பதிப்பித்தார். 85 ஆண்டு கழித்தும் மீட்க முடிந்தது. ஹீரா டோமுக்குச் சொந்தப் பத்திரிகை இல்லை. இன்னொருவர் இதழில் ஒருமுறை இடம் கிடைத்தது. அந்த அளவுக்குத்தான் அவர் மிஞ்சினார்.

இதை இந்தக் கரையில் நின்று சொல்லக் காரணம் உண்டு. பழவேற்காட்டில் பாடு முறை நமக்குத் தெரியும். சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று ஏரியைப் பங்கிடுவார்கள். பட்டியலில் பெயர் உள்ளவருக்கு முறை வரும். அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் தலித் குடும்பங்களும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இங்கே உண்டு. ஹீரா டோம் கிணற்றைப் பற்றிக் கேட்டது இவர்களுக்கு விளக்காமலே புரியும்.

இவர்களிடம் பாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது, வழக்காடிய நினைவு இருக்கிறது. நாமும் சிலவற்றைக் குறித்து வைத்திருக்கிறோம். அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் பல பக்கங்களில் 'ஒரு மூதாட்டி பாடியது' என்று மட்டும் இருக்கிறது. அது நம் தவறு. பாடியவர் யார், எந்தக் குப்பம், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு பாடினார் என்று அவர் சம்மதத்தோடு எழுதியிருக்க வேண்டும். அந்த மூதாட்டிகளில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குள் அவர்கள் வீட்டுக்குப் போய், விட்டுப்போன பெயர்களை எழுதி வருவோம்.